தேர்ச்சி விகிதத்தின் பகுதி எண்

1858ஆம் ஆண்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் தன் முதல் பி.ஏ. தேர்வை நடத்தியது. தேர்வுக்கு முன்வந்தோர் 13 பேர். வகுக்கப்பட்ட விதிப்படி தேறியவர் அவர்களுள் ஒருவரும் இலர். ஆறு பாடங்களில் ஐந்தில் நன்கு தேறி, ஆறாவதில் ஏழுக்கு மிகாத மதிப்பெண்ணால் தவறிய இருவருக்குச் சிறப்புச் சலுகையாகப் பட்டம் வழங்கலாம் எனப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. இருவரும் இரண்டாம் வகுப்பில் வைக்கப்பட்டனர். ஒருவர் ஜதுநாத் போஸ். மற்றவர் பின்னாளில் வங்க நாவலின் தந்தை எனப் போற்றப்பட்ட பங்கிம் சந்திர சட்டோபாத்யாயர்.

இந்திய உயர்கல்வி வரலாற்றை எழுதுவோர் இந்நிகழ்ச்சியைத் தவறாது குறிப்பிடுவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளும் இருவரே: யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும். இப்பெயர்கள் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டன. கல்கத்தாவின் எஞ்சிய 11 பேர் பின்னர் என்ன ஆயினர் என்ற கேள்வியோ அரிதாகவே எழுப்பப்படுகிறது. இது நினைவின் குறைபாடு மட்டுமன்று. இந்தியப் பொதுப் பல்கலைக்கழகம் எதை எண்ணுவதற்கென்று அமைக்கப்பட்டதோ, அந்த அமைப்பின் விளைவும் ஆகும்.

1854ஆம் ஆண்டின் சார்லஸ் உட் கல்வி அறிக்கை, அன்றைய இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டது. அதன்படி 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. இவை கற்பிக்கும் நிறுவனங்கள் அல்ல. கற்பித்தல் இணைப்புக் கல்லூரிகளின் பணி; தேர்வு நடத்திப் பட்டம் அளிப்பதே பல்கலைக்கழகத்தின் பணி. ஆகவே மாணவன் பல்கலைக்கழகத்தின் கண்ணுக்குத் தென்படுவது தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான். மெட்ரிகுலேஷனில் ஒரு முறை, எஃப்.ஏ. தேர்வில் ஒரு முறை, பி.ஏ. தேர்வில் ஒரு முறை அவன் பதிவேட்டில் இடம்பெறுவான். இவற்றுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் கட்டணம் செலுத்த இயலாமலோ, நோயுற்றோ, குடும்பப் பொறுப்பை ஏற்றோ கல்லூரியை விட்டவன் கல்லூரியின் வருகைப் பதிவேட்டிலிருந்து நீங்குவான். பல்கலைக்கழகத்தின் கணக்கில் அவன் நீங்குவதற்கே இடமில்லை. அங்கு அவன் இன்னும் இடம்பெறவே இல்லை.

இவ்வமைப்பு ஈன்ற அளவுகோலே ‘தேர்ச்சி விகிதம்’. பள்ளிக் கணக்கின் மொழியில் சொன்னால், ஒரு பின்னத்தின் தொகுதி தேறியவர் எண்ணிக்கை. பகுதி தேர்வு எழுதியவர் எண்ணிக்கை. எடுத்துக்காட்டாக, ஒரு வகுப்பில் 100 பேர் சேர்ந்து, 60 பேர் மட்டும் இறுதித் தேர்வை எழுதி, 30 பேர் தேறினர் என்று கொள்வோம். தேர்ச்சி விகிதம் 50 விழுக்காடு. படிப்பை நிறைவு செய்தோர் விகிதமோ 30 விழுக்காடே. தேர்வெழுதாத 40 பேரைப் பகுதியிலிருந்தே நீக்கிவிடுவதால் முதல் எண் உயர்ந்து நிற்கிறது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. தேறமாட்டார் எனக் கருதப்படும் மாணவரைத் தேர்வுக்கு அனுப்பாமல் நிறுத்தினால் ஒரு கல்லூரியின் தேர்ச்சி விகிதம் மேலும் உயரும். மாணவரை இழப்பதே நிறுவனத்தின் பெருமையாக மாறக்கூடிய அளவுகோல் இது.

இதன் விளைவைத் தமிழர் நன்கறிந்த ஒரு வாழ்க்கையில் காணலாம். சீனிவாச இராமானுஜன் 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதம் தவிர்த்த பாடங்களில் பின்தங்கியதால் அத்தொகையை இழந்தார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குச் சென்றார். அங்கிருந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேற இயலவில்லை, 1907இலும் தவறினார். பட்டத்துக்கான வழி அத்துடன் அடைபட்டது. அதே சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியபோது, விதியைத் தளர்த்தியே வழங்க நேர்ந்தது. இக்கதை பெரும்பாலும் மேதைமையின் கதையாகச் சொல்லப்படுகிறது. கல்வி வரலாற்று நோக்கில் அது உதவித்தொகை இழப்பின் கதையும் ஆகும். ஒரு பாடத்தில் பெற்ற உச்ச மதிப்பெண் மற்றொன்றில் நேர்ந்த குறையை ஈடுசெய்ய முடியாத தேர்வு விதி; உதவித்தொகை நின்றதும் ஊரை விட்டு அகலும் மாணவன்; அவனைத் தொடர்ந்து கவனிக்கும் கடமை எவருக்கும் இல்லாத நிர்வாகம். இம்மூன்றும் அவர் ஒருவருக்கென அமைந்தவை அல்ல. கணிதக் குறிப்பேடுகளை விட்டுச்செல்லாத ஏனையோருக்கும் இவையே அமைந்தன.

அக்காலச் சமூகம் இவர்களுக்கு ஒரு பெயரிட்டிருந்தது. ‘பி.ஏ. பெயில்’, ‘எஃப்.ஏ. பெயில்’ என்பன ஏளனச் சொற்களாக மட்டும் வழங்கவில்லை. எழுத்தர் வேலைக்கான விண்ணப்பங்களில் தகுதியாகவே குறிக்கப்பட்டன. பட்டம் பெறாவிடினும் அதுவரை கற்ற ஆங்கிலத்துக்குச் சந்தையில் மதிப்பிருந்தது. பல்கலைக்கழகம் எண்ணாத ஆண்டுகளை வேலை கொடுப்போர் எண்ணினர்.

இச்சிக்கலை அளப்பதற்கான முறை பல்கலைக்கழகத்தில் அன்றி, தொடக்கப் பள்ளியில் பிறந்தது. இலண்டன் பல்கலைக்கழகத்தின் பதிவாளராக இருந்த பிலிப் ஹார்டாக், 1917 முதல் 1919 வரை இயங்கிய கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணையமாகிய சாட்லர் ஆணையத்தின் உறுப்பினர்; பின்னர் டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். அவர் தலைமையிலான குழு 1929இல் அளித்த அறிக்கை, ‘விரயம்’, ‘தேக்கம்’ என்னும் இரு கருத்துகளை இந்தியக் கல்விச் சிந்தனையில் நிலைநிறுத்தியது. தொடக்கக் கல்வியை முடிக்குமுன் குழந்தை பள்ளியை விட்டு நீங்குவது விரயம். ஒரே வகுப்பில் ஓராண்டுக்கு மேல் தங்குவது தேக்கம். 1922–23இல் முதல் வகுப்பில் இருந்த 100 சிறுவர்களுக்கு 1925–26இல் நான்காம் வகுப்பில் 18 பேரே இருந்தனர் என அவ்வறிக்கை கணக்கிட்டது. இங்குப் பகுதி எண் மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். அது தேர்வெழுதியோர் எண்ணிக்கை அன்று, நுழைந்தோர் எண்ணிக்கை.

அதே அறிக்கை பல்கலைக்கழகத்தை நோக்கித் திரும்பும்போது தொனி மாறுகிறது. தொடக்கப் பள்ளியில் குழந்தை நீங்குவது அமைப்பின் தோல்வியாகக் கருதப்பட்டது. பல்கலைக்கழகத்திலோ தகுதியற்றோர் வரைமுறையின்றிச் சேர்க்கப்பட்டதால் தரம் தாழ்ந்தது என்பதே முறையீடு. ஓரிடத்தில் ‘ஏன் விட்டுச் சென்றனர்?’ என்ற வினா. மற்றோரிடத்தில் ‘ஏன் உள்ளே விட்டீர்கள்?’ என்ற வினா. இந்த இரட்டைப் பார்வை விடுதலைக்குப் பின்னும் முற்றாக அகலவில்லை. 1948–49இன் இராதாகிருஷ்ணன் ஆணையம், பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தைச் சொல்லுமாறு கேட்டால் அது தேர்வுச் சீர்திருத்தமே என்னும் அளவுக்குச் சென்றது. ஆயினும் சேர்ந்த நாள் முதல் ஒரு மாணவர் தொகுதியைப் பின்தொடர்ந்து எண்ணும் வழக்கம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றவில்லை.

இன்றைய நிலை என்ன? 2010–11 முதல் நடைபெறும் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு, 2021–22இல் சுமார் 4.33 கோடி மாணவர் பயின்றதாகவும், 1.07 கோடிப் பேர் தேறி வெளிவந்ததாகவும் கூறுகிறது. இவ்விரு எண்களைக் கொண்டு நிறைவு விகிதத்தைக் கணக்கிட முடியாது. அவ்வாண்டில் தேறியோர் வெவ்வேறு ஆண்டுகளில் சேர்ந்தவர். அவர்கள் படித்த படிப்புகளின் கால அளவும் வேறுபட்டது. பயில்வோரும் உண்டு, தேறியோரும் உண்டு. இடையில் நீங்கியோருக்கு மட்டும் அதில் தனி எண் இல்லை.

2023 டிசம்பரில் மக்களவையில் அளிக்கப்பட்ட விடை ஒன்றில் அத்தகைய எண் வெளிவந்தது. முந்தைய ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.கள், ஐ.ஐ.எம்.கள் ஆகியவற்றிலிருந்து இதர பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் மொத்தம் 13,626 பேர் நீங்கியிருந்தனர். இவர்களுள் 9,642 பேர் மத்தியப் பல்கலைக்கழக மாணவர்கள். மாணவருக்குப் பல வாய்ப்புகள் உள்ளன; அவர்கள் வேறு நிறுவனத்துக்கோ, அதே நிறுவனத்தின் வேறு படிப்புக்கோ மாறிச் செல்கின்றனர் என்று அமைச்சகம் விளக்கியது. இவ்விளக்கம் சிலருக்குப் பொருந்தலாம். எத்தனை பேருக்குப் பொருந்தும் என்பதை அந்த எண் சொல்லாது. அவர்கள் எந்த ஆண்டில், எத்தனை பேருடன் சேர்ந்தனர், எந்தப் பருவத்தில் நீங்கினர், பின்னர் எங்கேனும் பட்டம் பெற்றனரா என்பன தெரியாதவரை, 13,626 என்பது பகுதி இல்லாத தொகுதி. 1858இன் கணக்கில் நீங்கியோர் பகுதியில் இல்லை. 2023இன் கணக்கில் நீங்கியோர் மட்டுமே உள்ளனர், பகுதியே இல்லை.

தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு ஒரு மாற்றத்தைக் கொணர்ந்தது. 2016 முதல் வெளிவரும் அத்தரவரிசையில், குறித்த காலத்துக்குள் பட்டம் பெற்றோரின் விகிதமும் ஓர் அளவீடு. நுழைவை அடிப்படையாகக் கொண்ட கணக்கு உயர்கல்வியில் இவ்வாறு இடம்பெற்றது வரவேற்கத்தக்கது. எனினும் அது நிறுவனங்களே அளிக்கும் தரவு. ஒரு நிறுவனத்தை மற்றொன்றோடு ஒப்பிடுவதற்கான மதிப்பெண். நீங்கியவர் யார், ஏன் நீங்கினார் என்று கேட்பது அதன் நோக்கமன்று.

சொல்லும் இங்கே கவனத்துக்குரியது. தமிழில் ‘இடைநிற்றல்’ என்கிறோம். நிற்றல் தன்வினை, நிறுத்துதல் பிறவினை. உதவித்தொகை காலந்தாழ்ந்ததால், விடுதியில் இடம் கிடைக்காததால், வகுப்பில் எதிர்கொண்ட இழிவால் படிப்பை விட்டவரையும் ‘இடைநின்றவர்’ என்றே இலக்கணம் பதிவுசெய்கிறது. வினையின் பொறுப்பு மாணவர் மேல் விழுகிறது. நிறுத்தியது எதுவோ அது வாக்கியத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இச்சொல்லையும் மாற்றுகிறது. ஓராண்டில் நீங்கினால் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம், மூன்றாண்டில் பட்டம், நான்காண்டில் ஆய்வுடன் கூடிய பட்டம் என அது படிநிலைகளை வகுத்தது. கற்ற ஆண்டுகளுக்கு எழுத்துவடிவில் மதிப்புக் கிடைப்பது நன்மையே, ‘பி.ஏ. பெயில்’ என்று எழுதிக்கொண்ட தலைமுறைக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் மூன்றாண்டு பயிலும் விருப்பத்தோடு வந்து, கட்டணத்துக்கு வழியின்றி ஓராண்டில் திரும்பிய மாணவியும், ஓராண்டே போதும் எனத் தீர்மானித்து வந்தவரும் இனி ஒரே சான்றிதழைப் பெறுவர். ஒரே நெடுவரிசையில் எண்ணவும்படுவர்.

அவ்விருவரையும் வேறுபடுத்திக் காட்டும் கருவியும் இப்போது உருவாகியிருக்கிறது. 2021இல் தொடங்கப்பட்ட கல்விசார் மதிப்பீட்டு வங்கியில் ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கணக்கு உண்டு. நிறுவனம் மாறினாலும் அது தொடரும். மாறிச் சென்றவர் யார், முற்றாக நீங்கியவர் யார் என்பதைப் பிரித்தறிய இதுவரை இல்லாத வாய்ப்பு இது. தனிமனித விவரங்களை வெளியிடாமல், சேர்ந்த ஆண்டுவாரியாகவும் சமூகப் பிரிவு, பாலினம், துறைவாரியாகவும் நிறைவு விகிதத்தை ஒவ்வொரு பொதுப் பல்கலைக்கழகமும் வெளியிட முடியும். தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்காக 1929இல் கேட்கப்பட்ட கேள்வியைப் பல்கலைக்கழகம் தன் மாணவர்க்காகவும் கேட்பதற்கு இனித் தரவின்மை ஒரு காரணமாகாது.