கருவின் தலை அளவுக் குறைவு

கர்ப்பகால ஸ்கேனில் கருவின் தலைச் சுற்றளவோ தலையின் அகலமோ அந்த வாரத்துக்குரிய அளவைவிடக் குறைந்து காணப்படும் நிலை. ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி வட்டாரக் கரிசல் ஊர்களில் “தலை சிறுசா இருக்குன்னு சொல்லிட்டாங்க” என்று கவலையோடு பேசப்படுவது இதுவே. இது நோயின் பெயரன்று.

கருவின் தலையை முதலில் அளந்தவர்கள், அது தாயின் இடுப்பெலும்பு வழியே இறங்குமா என்று பார்க்கவே அளந்தார்கள். அதற்கு எக்ஸ்ரே பயன்பட்டது. கருவில் எக்ஸ்ரே பட்ட குழந்தைகளிடம் புற்றுநோய் மிகுவதை 1950களில் ஆலிஸ் ஸ்டூவர்ட் எடுத்துக்காட்டிய பின் அம்முறை ஒதுங்கியது. அதே காலத்தில் கிளாஸ்கோ மருத்துவர் ஐயன் டொனால்ட், கொதிகலன் தொழிற்சாலையில் உலோகப் பழுது தேடும் மீயொலிக் கருவியை அறுவையில் எடுத்த கட்டிகளின் மேல் வைத்துச் சோதித்தார். ஜான் மக்விகார், பொறியாளர் டாம் பிரவுன் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1958இல் லான்செட் இதழில் வந்தது. தலையின் அகலத்தை அளக்கும் முறையை 1968இல் ஸ்டூவர்ட் கேம்ப்பெல் செம்மையாக்கினார். இன்று பல ஸ்கேன் கருவிகளில் உள்ள அட்டவணை, 1980களில் ஹூஸ்டனில் ஃபிராங்க் ஹாட்லாக் குழு தொகுத்தது. நாக்பூர் உட்பட 8 நாடுகளின் ஊர்களில் அளந்து 2014இல் வெளியான இன்டர்குரோத் அட்டவணையும் உண்டு.

தலைச் சுற்றளவு 20ஆம் வாரத்தில் ஏறத்தாழ 17.5 செ.மீ., பிரசவத்தை ஒட்டி 34 செ.மீ. சராசரிக்கு இரண்டு திட்டவிலக்கத்துக்கும் கீழே இருந்தால் ‘சிறிது’ என்று குறிப்பர். நல்ல நலமுள்ள கருக்களிலும் நூற்றுக்கு இரண்டு அந்தக் கோட்டுக்குக் கீழே விழும். மூன்று திட்டவிலக்கத்துக்கும் கீழே போனால்தான் சிறுதலை என்று ஐயுறுவர்.

கவலைகளில் பல, நாள் கணக்கில் பிறப்பவை. கடைசியாகத் தலைக்குக் குளித்த நாளை அமாவாசையையும் கோயில் கொடையையும் வைத்து நினைவுகூரும்போது இரண்டு வாரம் எளிதில் பிசகும். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் இருந்தால் அதன் கணக்கே செல்லும். கரு தலைமேலாக இருந்தாலோ பனிக்குடநீர் குறைந்தாலோ தலை நீண்டு ஒடுங்கும். அப்போது அகலம் குறையும், சுற்றளவு சரியாக இருக்கும். பெற்றோர் தலையும் சிறிதாக இருப்பதுண்டு.

உண்மைக் காரணங்களுள் நஞ்சுக்கொடிக் குறைபாடு, ரூபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், மது, மரபுக் கோளாறு ஆகியவை அடங்கும். நஞ்சுக்கொடி குன்றும்போது பெரும்பாலும் வயிற்றுச் சுற்றளவே முதலில் பின்தங்கும். 2002இல் கண்டறியப்பட்ட ஏஎஸ்பிஎம் மரபணுக் கோளாறு, தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும்; தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் இவ்வட்டாரத்தில் உறவுமணமா என்பது கேட்டறிய வேண்டிய செய்தி. பிரேசிலில் 2015இல் சிறுதலைக் குழந்தைகள் பெருகக் காரணமான ஜிகா வைரஸ், தமிழகத்தில் 2017இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவரிடம் கண்டறியப்பட்டது.

இப்பகுதிக் கர்ப்பிணிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து, கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண் பெறுகின்றனர். மேல்சோதனைக்குக் கோவில்பட்டி, தூத்துக்குடி அரசு மருத்துவமனைகள் உள்ளன. ஒரே ஸ்கேனை வைத்து முடிவு செய்வதில்லை. இரண்டு, மூன்று வாரம் கழித்து மீண்டும் அளந்து வளர்ச்சியைப் பார்ப்பர். பிரசவத்தில் தலை நெருக்குண்டு வடிவம் மாறுவதால், பிறந்து ஒரு நாள் கழிந்த பின் நாடாவால் அளப்பதே சரியான அளவு. நிறைமாதக் குழந்தையில் பெண்ணுக்கு 31.5 செ.மீ., ஆணுக்கு 31.9 செ.மீ. என்பது உலகச் சுகாதார நிறுவனம் வைத்துள்ள கீழெல்லை.