செட்டிநாட்டு வண்ண நிலைச் சிற்பங்கள்

வீட்டுத் தலைவாசலின் நிலைக்கால்கள், அவற்றின் மேல் பொருத்தும் பலகை, கதவு ஆகியவற்றில் தெய்வ உருவங்களைச் செதுக்கி வண்ணம் தீட்டிய மரவேலை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் உள்ள செட்டிநாட்டு ஊர்களில், 19ஆம் நூற்றாண்டின் பின்பாதி முதல் 1940கள் வரை நகரத்தார் என்ற வணிகச் சமூகத்தினர் கட்டிய வீடுகளுக்காகச் செய்யப்பட்டவை இவற்றுள் பெயர்பெற்றவை. அவற்றில் ஒரு பகுதி இன்று பழம்பொருள் வணிகத்தின் வழியே வேறு வீடுகளின் வரவேற்பறைகளுக்கும் விடுதிகளுக்கும் அலங்காரப் பொருளாகப் போய்ச் சேர்ந்துள்ளது.

வாசலில் மங்கல உருவம் வைக்கும் பழக்கம் செட்டிநாட்டுக்கு மிக முந்தியது. இரு யானைகள் நீராட்டும் திருமகளின் உருவம் கி.மு. காலத்துப் பர்குத், சாஞ்சி தூபிகளிலேயே உண்டு. வராகமிகிரரின் 6ஆம் நூற்றாண்டு நூலான பிருகத் சம்ஹிதை, கோயில் வாயிலைப் பறவைகள், பூரணகும்பம், இணையர், கொடி முதலியவற்றால் அணிசெய்யச் சொல்கிறது. மாமல்லபுரத்து வராக மண்டபத்தில் 7ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் அதே கஜலட்சுமியைப் பாறையில் வடித்தார்கள். செட்டிநாட்டுத் தச்சர் தலைவாசலில் அவளை வைத்தபோது இந்த நீண்ட மரபைத்தான் தொடர்ந்தார்.

அந்தத் தச்சருக்கு மரம் கிடைத்தது பர்மாவிலிருந்து. 1852இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசிக்கு உலகச் சந்தை பெருகியது. உழவருக்குக் கடன் கொடுத்த நகரத்தாரின் தொழில் அதோடு வளர்ந்தது. அந்தப் பணம் ஊரில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீளும் வீடுகளாக எழுந்தது. பர்மாத் தேக்கு கப்பலேறி வந்து தூணும் உத்தரமும் நிலையும் ஆனது. பிளவுபடாமல் நுண்ணிய உளிக்கு இடம் கொடுப்பதும், கறையானை எதிர்ப்பதும் தேக்கின் குணங்கள். நூறாண்டு கடந்தும் இந்தச் செதுக்கல்களில் விரல் நுனி உடையாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

தேரும் வாகனமும் செய்து பழகிய கைகளே இந்த நிலைகளையும் செய்தன. யாளி, அன்னம், கிளி, தாமரைக் கொடி என்று நிலைக்காலில் ஏறிவரும் உருவங்கள் தேர்ச் சிற்பங்களின் நெருங்கிய உறவினர். நிலைக்கு மேலுள்ள பலகையின் நடுவில் பெரும்பாலும் கஜலட்சுமி. சில வீடுகளில் ராமர் பட்டாபிஷேகம், வேணுகோபாலன், பிள்ளையார். நகரத்தார் சைவர்கள்; இளையாற்றங்குடி, பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது சிவன் கோயில்களே அவர்களின் குலப்பிரிவுக்கு அடிப்படை. இருந்தும் தலைவாசலில் திருமகளும் ராமனும் இருப்பது, வீட்டு வாசலின் தேவை வேறு என்பதைக் காட்டுகிறது: அங்கே வேண்டியது செல்வமும் குலம் தழைப்பதும். 1894இல் பம்பாயில் ஓவியர் ரவி வர்மா தொடங்கிய அச்சகத்தின் படங்கள் வீடுதோறும் பரவியபின், மரத்துத் தெய்வங்களின் முகச்சாயலிலும் புடவை மடிப்பிலும் அவற்றின் செல்வாக்கு தென்படத் தொடங்கியது.

எல்லா நிலைகளுக்கும் வண்ணம் இல்லை. தேக்கின் நிறம் தெரிய மெருகேற்றியதோடு விட்ட வீடுகளும் பல. வண்ணம் தீட்டியவற்றில் சிவப்புக்குச் சாதிலிங்கமும் காவியும், மஞ்சளுக்கு அரிதாரமும், நீலத்துக்கு அவுரியும், கருமைக்கு விளக்குக் கரியும் தென்னாட்டு ஓவியர்களின் பழைய சரக்குகள். 20ஆம் நூற்றாண்டில் டப்பாவில் வந்த எனாமல் பெயிண்ட் அந்த இடத்தைப் பிடித்தது. வீட்டில் கல்யாணம் வந்தால் வெள்ளையடிப்பதோடு நிலைச் சிற்பத்துக்கும் புதுப் பூச்சு ஏறும். எனவே ஒரு பழைய பலகையில் கண்ணுக்குத் தெரிவது கடைசிப் பூச்சு மட்டுமே; சில்லு பெயர்ந்த இடத்தில் உற்றுப் பார்த்தால் பச்சைக்குக் கீழே நீலம், அதற்கும் கீழே சிவப்பு என்று அடுக்குகள் தெரியும்.

இந்த நிலையை வெறும் அலங்காரமாக அந்த வீட்டார் கருதியதில்லை. நிலை வைப்பது தனிச் சடங்கு. நல்ல நேரம் பார்த்து, நவதானியமும் காசும் இட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து நிறுத்துவார்கள். பின்னர் வெள்ளிக்கிழமைகளிலும் விசேஷ நாட்களிலும் மாவிலையும் பொட்டும் உண்டு. அந்தக் குங்குமமும் புகையும் பூச்சோடு பூச்சாகப் படிந்து கிடக்கின்றன.

சரிவும் பர்மாவிலிருந்தே வந்தது. 1930இல் அரிசி விலை விழுந்து கடன் திரும்பாமல், கடனுக்கு ஈடான வயல்கள் நகரத்தார் கையில் தேங்கின. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு. 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் இயற்றியது. வருமானம் நின்ற பின் பெரிய வீடுகளைப் பேண முடியவில்லை. ஒரே வீட்டில் பல பங்காளிகளுக்குப் பங்கு. அவர்களோ பல ஊர்களில். பிரிக்க முடியாத வீட்டைப் பலர் பிரித்து விற்றார்கள். தூணும் கதவும் நிலையும் கழற்றப்பட்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன.

இந்திய மரச் செதுக்கலை வீட்டு அலங்காரமாக்கும் மோகம் வெளிநாட்டில் முன்பே இருந்தது. லாக்வுட் டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்கர் 1881இல் அகமதாபாத்தில் பட்டறை தொடங்கி, குஜராத்துச் செதுக்கலை நியூயார்க் மாளிகைகளுக்கு அனுப்பினார். அவை பெரும்பாலும் புதிதாகச் செய்தவை. செட்டிநாட்டில் நடந்ததோ இருந்த வீட்டைக் கலைத்தது. கழற்றியதை மதிப்போடு மறுபடி நட்டவர்களும் உண்டு. கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா தம் வீட்டில் செட்டிநாட்டுத் தூண்களை வைத்தார். 1996இல் முட்டுக்காட்டில் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பழைய உறுப்புகளைக் கொண்டே மீண்டும் எழுப்பியது. அங்கே நிலை இன்னும் வாசலாக இருக்கிறது. மற்ற இடங்களில் அது கட்டிலின் தலைப்பலகை, கண்ணாடிச் சட்டம், சுவர்த் தொங்கல் என்று ஆகிறது; கதவு மேசையாகிறது. அடியார் அண்ணாந்து பார்த்த லட்சுமியை முழங்கால் உயரத்தில் வைத்துக் காபிக் கோப்பை வைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

வணிகம் இந்தப் பலகைகளுக்கு இரண்டு கேடுகள் செய்கிறது. ஒன்று, தேக்கின் நிறம் தெரியக் காரச் சோடாவில் ஊறவைத்துப் பூச்சு முழுவதையும் சுரண்டுவது. மற்றொன்று, புதுப் பலகைக்குப் பளிச்சென்ற வண்ணம் பூசி, தேய்த்துப் பழையதாகக் காட்டுவது. உண்மையான பழம் பலகையில் பொருத்துமுளையின் துளைகளும், பின்புறத்தில் வாய்ச்சியின் சீரற்ற வெட்டுகளும் இருக்கும்; பூச்சின் தேய்மானம் கை படும் இடத்தில் மிகுந்தும் பள்ளத்தில் குறைந்தும் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது உடலுக்கும் கேடு. சாதிலிங்கத்தில் பாதரசம், அரிதாரத்தில் ஆர்சனிக், பழைய எனாமலில் ஈயம் உண்டு. மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசி தட்டி, வெயிலும் ஈரமும் படாமல் வைத்தாலே போதும்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், கட்டடத்திலிருந்து பெயர்த்த, 100 ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள பொருளையும் தொல்பொருளாகக் கொள்கிறது. தனியார் அதை நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது, உரிமம் இன்றி அதை விற்கும் தொழில் செய்யவும் கூடாது. 1920களில் செய்த பலகைகள் ஒவ்வொன்றாக இப்போது அந்த வயதை எட்டுகின்றன. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் உள்ளன; ஆனால் பிரிந்து போன பலகைகளில் பலவற்றுக்கு ஊர்ப் பெயர்கூடத் துணைக்கு இல்லை. வாங்குவோர் எந்த ஊர், எந்த வீடு, எந்த வாசல் என்று விற்பவரிடம் கேட்டு, எழுதி, பலகையோடு வைத்திருக்க வேண்டும். பூச்சைத் தொடாமல் விடவேண்டும்.