ரெண்டு மரக்கா

"கீழ ஒரே ஒரு ஓட்டை போட்டுத் தர முடியுமா சார்? தண்ணி வடியணும்."

பெங்களூர்லேருந்து ஒருத்தர் கேட்டது இது. ஓஎல்எக்ஸ்ல நான் போட்டிருந்த பழைய மரக்காலோட படத்தைப் பார்த்துட்டுப் பேசினார். இரும்புத் தகட்டுல செஞ்சு, வாயிலயும் இடுப்புலயும் பித்தளைப் பட்டை கட்டி, பட்டைக்கு நடுவுல பித்தளைப் பூ பதிச்ச மரக்கால். விலை 3,500 ரூபாய்னு போட்டிருந்தேன். பால்கனியில மணி பிளான்ட் வைக்க அவருக்கு வேணுமாம். அவரைக் குறை சொல்ல முடியாது. "வீட்டு அலங்காரத்துக்கு ஏற்றது"ன்னு எழுதினவனே நான்தான்.

நாலு வருசமா இது எனக்கு உபதொழில். அறுவடை முடிஞ்சு தண்ணி வர்ற வரைக்கும் டெல்டாவுல கை சும்மா இருக்கிற காலம் ஒண்ணு உண்டு. அப்ப பக்கத்து டவுன் காயலாங்கடைகளைச் சுத்தி வருவேன். அரிக்கேன் விளக்கு, வெங்கலப் பானை, பித்தளைக் கூஜா, பாக்குவெட்டி, வால்வு ரேடியோ, அஞ்சறைப்பெட்டி. வாங்கிட்டு வந்து புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கி, கயித்துக் கட்டில் மேல வச்சு சாயங்கால வெயில்ல படம் எடுத்துப் போடுவேன். இந்தத் தொழிலோட சூட்சுமம் ரொம்பச் சின்னது. காயலாங்கடைக்காரர் பொருளை எடை போடுறார், செல்போன்ல பாக்கிறவர் உருவத்தைப் பாக்கிறார். அந்த ரெண்டு விலைக்கும் நடுவுல இருக்கிறது என் லாபம்.

கிராமத்துப் பொருள் ஊரை விட்டுப் போற கதை செல்போனோட ஆரம்பிச்சதில்ல. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல பேரீச்சம்பழக்காரர் சைக்கிள்ல வருவார். ஓட்டை உடைசல் ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, நல்லா இருந்த குழம்புக் கரண்டியை நாங்களே கல்லுல அடிச்சு நெளிச்சு 'உடைசல்' ஆக்கிப் போட்டதுண்டு. அதுக்கு வாங்கின அடி இன்னும் ஞாபகம் இருக்கு. பிறகு எவர்சில்வர் வந்தது. புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், வருசத்துக்கு ஒருதரம் ஈயம் பூசுறவரை எதிர்பார்த்து உக்கார வேண்டாம். பெண்டுகளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலைன்னு இன்னிக்குப் பித்தளைச் சட்டியில சமைக்கச் சொல்லி வீடியோ போடுறவங்களுக்குத் தெரியாது. அடுக்குப் பித்தளையைக் கொடுத்துட்டு எவர்சில்வர் குடம் ரெண்டு வாங்கினாங்க. பழைய பட்டுச் சேலையை ஜரிகைக்காகப் போட்டாங்க. தறி வீட்டுலயிருந்து பத்தாய வீட்டு வரைக்கும் எல்லாம் எடைக்குத்தான் போச்சு.

எடைக்கு வாங்காம உருவத்துக்கு வாங்கினவங்க முதல்ல காரைக்குடிப் பக்கம் இருந்தாங்க. செட்டிநாட்டு வீடுகள் ஆளில்லாமப் பூட்டிக் கிடந்து, பங்காளிகளுக்குள்ள பாகம் பிரியாம, கடைசியில பர்மாத் தேக்குத் தூண் தூணாப் பிரிச்சு விற்ற கதை உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தச் சாமானெல்லாம் வந்து சேர்ந்த இடம் முனீஸ்வரன் கோவில் தெரு. கதவு, நிலை, பீங்கான் பூச்சுப் பாத்திரம், ஓவியக் கண்ணாடி எல்லாம் அங்க வரிசையாக் கடை விரிச்சிருக்கும். அங்க போய்ப் பார்த்தப்பதான் எங்க ஊர்ப் பத்தாயத்துப் பலகை சாப்பாட்டு மேசை ஆகலாம்னு எனக்குப் புரிஞ்சது. ஆனா வழியில எத்தனை கைன்னு பாருங்க. ஊர்ல வாங்குறவர், டவுன் கடைக்காரர், காரைக்குடிக் கடைக்காரர், சென்னையில உள் அலங்காரம் செய்றவர். கடைசி விலை முதல் ஆள் காதுக்கு எட்டவே எட்டாது.

அந்தக் கைகளையெல்லாம் வெட்டிவிட்டது கம்ப்யூட்டர். 1995-ல அமெரிக்காவுல பியர் ஒமிடியார்ங்கிறவர் ஆரம்பிச்ச ஏல இணையதளம்தான் பின்னாடி இபே ஆச்சு. அதுல முதல்ல வித்த பொருள் ஒரு உடைஞ்ச லேசர் விளக்கு, விலை 14.83 டாலர். உடைஞ்சதுன்னு தெரிஞ்சேதான் ஒருத்தர் வாங்கினார். எங்க பேரீச்சம்பழக்காரர் கேட்டிருந்தா சிரிச்சிருப்பார். நம்ம நாட்டுல பாசீ டாட் காம்னு மும்பையில ஒண்ணு இருந்தது. 2004-ல இபே அதை வாங்கிட்டது. இந்தியாவுல அந்தக் கடை 2018-ல மூடினாங்க. அதுக்குள்ள 2006-ல தொடங்கின ஓஎல்எக்ஸும், அப்புறம் வந்த குவிக்கரும், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸும் பழசு விக்கிறதைக் கௌரவமான காரியமா ஆக்கிட்டாங்க. அடகுக் கடைக்கு முக்காடு போட்டுக்கிட்டுப் போன ஊர்ல, இப்ப மாடு, டிராக்டர், கல்யாணக் கட்டில் எல்லாம் படத்தோட வருது.

ஒண்ணு சொல்லிடுறேன். நூறு வருசத்துக்கு மேல பழசான சிலை, செம்பு, வெங்கல வேலைப்பாடெல்லாம் 1972-ம் வருசத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரும். உரிமம் இல்லாம அதுல வியாபாரம் பண்ணக் கூடாது. சாமி சம்பந்தப்பட்டது எதையும் நான் தொடுறதில்லை. இந்த மரக்கால் எங்க தாத்தா தலையெடுத்த பிறகு கும்பகோணத்துல சொல்லிச் செஞ்சது. அவ்வளவு பழசில்ல.

மரக்கால்னா என்னன்னு பெங்களூர்க்காரருக்குச் சொல்ல முயற்சி பண்ணினேன். "எட்டுப் படி ஒரு மரக்கால்"னு வாய்ப்பாட்டுப் புத்தகம் சொல்லும். எங்க தஞ்சாவூர்ப் பக்கத்துல ரெண்டு பெரிய படி ஒரு மரக்கால், பன்னெண்டு மரக்கால் ஒரு கலம், ரெண்டு கலம் ஒரு மூட்டை. வாய்ப்பாட்டுக்கும் களத்துக்கும் சம்பந்தமில்ல. படியே ஊருக்கு ஊர் மாறும், சின்னப் படி பெரிய படின்னு. இது இன்னிக்கு நேத்து வந்த குழப்பமும் இல்ல. ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி ராஜராஜன் பெரிய கோயில்ல கல்வெட்டு வெட்டுறப்ப, நெல்லுன்னு மட்டும் எழுதி விடலை. ராஜகேசரிக்குச் சமமான 'ஆடவல்லான்'ங்கிற மரக்காலால அளக்கணும்னு வெட்டி வச்சான். சாமி பேரை மரக்காலுக்கு வச்சா யாரும் குறைச்சு அளக்க மாட்டான்னு நினைச்சானோ என்னவோ. எந்த மரக்கால்னு சொல்லாத நெல்லு கணக்கே இல்லைங்கிறது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

களத்துல அளக்கிறதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். முதல் மரக்காலை 'ஒண்ணு'ன்னு சொல்ல மாட்டாங்க, 'லாபம்'னுதான் ஆரம்பிப்பாங்க. லாபம், ரெண்டு, மூணு. அந்த லாபம் யாருக்குங்கிறது அளக்கிற கையில இருந்தது. நெல்லை மெதுவாச் சரிச்சு விட்டா ஒரு அளவு, வேகமாக் குத்தி அள்ளினா இன்னொரு அளவு. தலை தட்டினா ஒண்ணு, கும்பமா விட்டா ஒண்ணு. இதெல்லாம் கை செய்ற வேலை. மரக்காலே செய்ற வேலை வேற.

எங்க பரண்ல ரெண்டு மரக்கால் இருந்தது. ஒண்ணு இந்தப் பித்தளைப் பூ வச்சது. இன்னொண்ணு வெறும் இரும்பு, துருப் பிடிச்சது, வாய் ஓரத்துல சர்க்கார் முத்திரை குத்தினது. ரெண்டையும் சேர்த்தே படம் போட்டேன். முத்திரை மரக்காலுக்கு 600 ரூபாய்னு போட்டும் ஒருத்தர்கூடக் கேக்கலை. பூ வச்சதுக்கு மட்டும் ஒரே வாரத்துல ஒன்பது பேர்.

ஓட்டை போட்டுத் தரலாமான்னு புரட்டிப் பார்த்துக்கிட்டிருந்தேன். அன்னிக்கு வரப்பு வெட்டக் கூலி பேச வந்த பெரியவர் ஒருத்தர் திண்ணையில உக்காந்திருந்தார். எண்பதைத் தாண்டினவர். அவங்க அப்பா எங்க தாத்தாகிட்ட பண்ணையாள். அவங்க அப்பா எங்க தாத்தாவை 'ஆண்டை'ன்னு கூப்பிட்டார், இவர் என்னை 'தம்பி'ங்கிறார். ஒரு தலைமுறையில இந்த ஒரு வார்த்தை மாறினதுக்கு எங்க மாவட்டத்துல நிறைய விலை கொடுத்திருக்காங்க.

"கவுத்து வை தம்பி"ன்னார். வச்சேன். கையை அடியில விட்டுத் தடவினார்.

"ஆமா. இதான் முன்ன அளந்தது."

அப்பதான் நானும் கவனிச்சேன். அடித்தகடு விளிம்போட ஒட்டி இல்ல. அரை விரல் அகலம் மேல ஏத்திப் பத்தவச்சிருந்தது. வெளியிலேருந்து பார்த்தா ரெண்டு மரக்காலும் ஒரே உயரம். உள்ளே போய் நெல்லு அள்ளிட்டு வந்தேன். முத்திரை மரக்காலைத் தலை தட்டி நிரப்பி, பூ மரக்கால்ல கொட்டினேன். பூ மரக்கால் நிறைஞ்ச பிறகும் மூணு பிடி நெல்லு மிச்சம். மிச்சத்தைச் சமையல்கட்டுத் தராசுல வச்சேன். 150 கிராம். ஒரு கலத்துக்கு 1 கிலோ 800 கிராம் ஆச்சு.

எங்க அப்பா உசிரோட இருந்தப்ப ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லுவார். அவருக்குத் தெரியாம இருந்திருக்காது.

முத்திரை மரக்கால் சும்மா வந்துடலை. 1943-ல மன்னார்குடிப் பக்கம் தென்பரையில விவசாயிகள் சங்கம் ஆரம்பிச்சப்ப, தென் கன்னடத்துலேருந்து வந்து எங்க மாவட்டத்திலயே தங்கிட்ட பி.சீனிவாச ராவ் முன்ன நின்னார். சாணிப்பால் புகட்டக் கூடாது, சவுக்கால அடிக்கக் கூடாது. இந்த ரெண்டையும் எல்லாரும் சொல்லுவாங்க, மேடையிலயும் பேசுவாங்க. அதோட கூடவே கேட்ட இன்னொண்ணைப் பல பேர் விட்டுடுறாங்க. கூலி நெல்லை முத்திரை மரக்கால்ல அளக்கணும்ங்கிறது அது. அடிக்காதேன்னு கேட்ட அதே மூச்சுல அளவைச் சரி பண்ணுன்னும் கேட்டிருக்காங்க. ஏன்னு எனக்கு அந்த மூணு பிடி நெல்லைப் பார்த்தப்பதான் உறைச்சது. அடி எப்பவாவது விழும், மரக்கால் தினம் அளக்கும். 1944-ல மன்னார்குடியில ஒப்பந்தம், 1948-ல மாயூரம் ஒப்பந்தம், 1952-ல பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம்னு அது படிப்படியாத்தான் நடந்தது.

"எனக்கு எட்டு வயசு இருக்கும்"னார் பெரியவர். "இரும்பு மரக்கா வந்த அன்னிக்கு எங்கம்மா கூலியை வீட்டுக்குக் கொண்டாந்து, எங்க படியால திரும்ப அளந்து பாத்துச்சு. ரெண்டு தடவை அளந்துச்சு."

பிறகு எல்லா மரக்காலுக்கும் ஒரே நேரத்துல வேலை போச்சு. 1956-ல அளவைச் சட்டம், 1958 அக்டோபர்லேருந்து கொஞ்சம் கொஞ்சமா மெட்ரிக் அளவு. படி போய் லிட்டர், வீசை போய் கிலோ. களத்துல மட்டும் அதுக்கப்புறமும் ரொம்ப வருசம் மரக்கால் ஓடுச்சு. இப்ப கொள்முதல் நிலையத்துல 40 கிலோ சிப்பம், எலெக்ட்ரானிக் தராசு. தராசு வந்ததால அளவுச் சண்டை ஓய்ஞ்சுட்டதான்னு கேட்டா, அது தனிக் கதை.

பெரியவர் கேட்டார், "இதுக்கு எவ்வளவு தராங்களாம்?"

"மூவாயிரத்து ஐநூறு."

"அதுக்கு?"

"அறுநூறு போட்டேன். கேக்க ஆளில்ல."

அவர் ஒண்ணும் சொல்லலை. பொடி டப்பாவை எடுத்துத் தட்டிக்கிட்டு உக்காந்திருந்தார்.

பெங்களூர்க்காரருக்கு அன்னிக்கு ராத்திரி விவரம் எழுதினேன். இது அளவு குறைஞ்ச மரக்கால், கூலி அளந்தது, அடித்தகடு மேல ஏத்தினது, அந்தத் தகட்டுல நான் ஓட்டை போட மாட்டேன்னு. அவர் மரியாதையாத்தான் பதில் போட்டார். கதை நல்லா இருக்கு, இன்னும் ஐநூறு சேர்த்துத் தரேன், ஓட்டையை நானே போட்டுக்கிறேன்னு. கதைக்கும் விலை உண்டுன்னு நாலு வருசமாத் தெரிஞ்சு வச்சிருக்கிற ஆளுதான் நான். கூஜாவுக்கெல்லாம் 'பாட்டி காலத்துச் சீதனம்'னு எழுதி விலையை ஏத்தினவன். ஆனா இதுக்கு ஏத்த மனசு வரலை. விளம்பரத்துலேருந்து 'அலங்காரத்துக்கு ஏற்றது'ங்கிறதை எடுத்துட்டு 'அளவு குறைவு, கலத்துக்கு 1 கிலோ 800 கிராம்'னு போட்டேன். இன்னும் படம் கிடக்கு, நாள் ரெண்டு பேர் பாக்கிறாங்க.

முத்திரை மரக்காலைப் பெரியவர் மறுநாள் வந்து கேட்டார். எடுத்துக்கிட்டுப் போங்கன்னேன்.

"சும்மா வேணாம் தம்பி. காயலாங்கடையில என்ன விலையோ அதைப் போடு."

எடை போட்டேன். 1 கிலோ 600 கிராம். இரும்பு கிலோ 30 ரூபாய்க் கணக்குல 48 ரூபாய். மடியிலேருந்து அம்பது ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். சில்லறை கிடக்கட்டும்னேன். அவர் நகரலை. உள்ளே போய்த் தேடி ரெண்டு ரூபாய்க் காசு கொண்டாந்து கொடுத்த பிறகுதான் மரக்காலைத் தூக்கிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு இறங்கினார்.