பட்டாளத்தில் வந்த வியாதிக்கு யார் பொறுப்பு?

வேலூர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருப்பார். நான் இப்போது இருக்கும் மைசூரு ஹெப்பாளிலும் தொழிற்பேட்டை கேட்டில் விறைப்பாக நிற்கும் செக்யூரிட்டியிடம் பேச்சுக் கொடுத்தால், "எக்ஸ் சர்வீஸ்மேன் சார்" என்பார். 'ஸ்பர்ஷ்' வருவதற்கு முன்பு இவர்களுடைய பென்ஷன் ஆணைகள் பேங்குக்குத்தான் வரும். சிலருடைய ஆணையில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று பணிக்காலத்துக்கு, மற்றது உடல் குறைபாட்டுக்கு. அந்த இரண்டாவது தொகைக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது.

கதை கம்பெனி காலத்திலேயே ஆரம்பம். மீர் ஜாபர் விட்டுச்சென்ற ஐந்து லட்சம் ரூபாயைக் கொண்டு ராபர்ட் கிளைவ் 1770ல் ஒரு நிதி தொடங்கினார். உடல் முடியாமல் போன கம்பெனி ராணுவத்தினருக்கும் விதவைகளுக்கும் அதிலிருந்து உதவி கிடைத்தது. அன்று அது தர்மம். அது உரிமையாக மாற வெகுகாலம் ஆயிற்று.

சுதந்திர இந்தியாவின் 1961 ராணுவ பென்ஷன் விதி 173 இரண்டு நிபந்தனைகள் வைத்தது. குறைபாடு ராணுவப் பணியால் வந்திருக்க வேண்டும், அல்லது பணியால் அதிகமாகியிருக்க வேண்டும். அளவு 20 சதவீதமாவது இருக்க வேண்டும்.

குண்டடி பட்டவருக்குத் தகராறு இல்லை. வலிப்பு, ரத்தக்கொதிப்பு, மனநோய் என்று வந்தால்தான் சிக்கல். மெடிக்கல் போர்டு "இது உடல்வாகு, பணிக்குத் தொடர்பில்லை" என்று ஒரு வரி எழுதிவிடும். மனு அதோடு தள்ளுபடி.

அந்த ஒரு வரியை உடைத்தது தரம்வீர் சிங் வழக்கு. அவர் 1985ல் சிக்னல்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தவர். வலிப்பு நோய் என்று 1994ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். குறைபாடு 20 சதவீதம், பென்ஷன் கிடையாது. இமாச்சல் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி தரச் சொன்னார், டிவிஷன் பெஞ்ச் மறுத்துவிட்டது. 2013 ஜூலை 2ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பட்டாளத்தை விட்டு அப்போது 19 வருஷம் ஆகிவிட்டது!

நீதிமன்றத்தின் வாதம் எளிமையானது. சேரும்போது நீங்கள்தானே உடம்பைச் சோதித்து எடுத்தீர்கள்? அன்று எந்த நோயும் குறிக்கப்படவில்லை என்றால், ஆள் நலமாக இருந்தார் என்றுதான் கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய்க்குப் பணி காரணமில்லை என்றால் அதை நீங்கள் நிரூபியுங்கள், போர்டு காரணத்தை எழுதட்டும். 1982 உரிமை விதிகளின்படி சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே.

அதற்காக எல்லாருக்கும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். லீவில் ஊருக்கு வந்தபோது சாலை விபத்தில் அடிபட்ட ஜுஜார் சிங்குக்கு 2011ல் அதே உச்ச நீதிமன்றம் மறுத்தது. பணியோடு ஏதாவது ஒரு தொடர்பு வேண்டும் என்பதுதான் காரணம்.

கணக்குப் பக்கமும் பார்ப்போம். ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிந்தைய கணக்கில் 100 சதவீதக் குறைபாட்டுக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். 20 சதவீதக் குறைபாடு என்றால் 6 சதவீதம்தான் வரும். ஆனால் 50க்குக் கீழே இருப்பதை 50 ஆக்கும் ஏற்பாட்டில் அது 15 ஆகிறது. உடல்நிலை காரணமாக இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் 1996 முதல் இருந்த இந்தச் சலுகை, முழுப் பணி முடித்தவருக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் முடிவானது.

தாமதத்துக்கும் விலை உண்டு. தர்செம் சிங் 1983ல் வெளியேற்றப்பட்டவர், கோர்ட்டுக்குப் போனது 1999ல். மாதாமாதம் மறுக்கப்படும் பென்ஷன் தொடரும் தவறு என்பதால் மனுவை ஏற்கலாம், ஆனால் முழு நிலுவையும் கிடையாது என்றது 2008 தீர்ப்பு. மூன்று வருஷத்துக்கு முந்தைய பணம் அநேகமாகப் போனது போனதுதான்.

2009ல் ராணுவத் தீர்ப்பாயம் செயல்படத் தொடங்கியது. சென்னையிலும் கொச்சியிலும் அதற்குக் கிளைகள் உண்டு. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய உரிமை விதிகள் வந்துவிட்டன. ஆகவே யாருக்கு எந்த விதி என்பதை வெளியேறிய தேதியை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் அப்பாவோ மாமாவோ பட்டாளத்தில் இருந்து உடம்பு சரியில்லாமல் வந்தவர் என்றால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், மெடிக்கல் போர்டு அறிக்கை, பென்ஷன் ஆணை மூன்றையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் எழுதாத அந்த ஒரு வரி அதில் இருந்தால், ஒரு வக்கீலைப் பார்ப்பதில் தவறில்லை.