லின்சியன்: உணவுக்குழாய்ப் புற்றுநோய் விழிப்புணர்வின் வரலாறு

சீனத்தின் ஹெனான் மாநில வடகோடியில், தைஹாங் மலையின் அடிவாரத்தில் உள்ள மாவட்டம் லின்சியன். 1994இல் இது நகரமாகத் தரம் உயர்ந்து லின்ஜோ என்று பெயர் மாறியது; மருத்துவ உலகில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. உணவுக்குழாய்ப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்பட்ட இடங்களில் இதுவும் ஒன்று. 1970களில் இங்கு ஆண்டுதோறும் லட்சம் பேருக்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் இந்த ஒரு நோயால் மட்டும் இறந்தார்கள். ஒரு வட்டார மக்களையே இந்நோயை எதிர்கொள்ளப் பழக்கிய முயற்சி, அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கே தொடர்ந்து நடந்திருக்கிறது.

பழைய அச்சம்

விழுங்க முடியாமல் போகும் நோயைப் பழஞ்சீன மருத்துவம் இரண்டாயிரம் ஆண்டுகளாக அறியும். லின்சியன் மக்களுக்கும் அதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முதலில் ஆவியில் வெந்த ரொட்டி இறங்காது. பிறகு நூடுல்ஸ் இறங்காது. பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீர். இந்த வரிசையைத் தாத்தாவிடமோ தாயிடமோ நேரில் பார்த்தவர்கள் அங்கே ஏராளம். நோய் இருப்பது தெரியும், அதன் முடிவும் தெரியும். முன்கூட்டியே கண்டுபிடித்தால் பிழைக்கலாம் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. லின்சியனில் விழிப்புணர்வு என்றால், விதி என்று ஏற்றுக்கொண்ட ஒன்றைச் சோதித்துப் பார்க்கத்தக்க உடல்நிலையாக மக்களை எண்ண வைப்பதுதான்.

உணவுக்குழாயின் இயல்பு இந்த வேலையை இன்னும் கடினமாக்கியது. சுமார் 25 செ.மீ. நீளமுள்ள அந்தத் தசைக்குழாய் நன்றாக விரிந்துகொடுக்கும். உள்ளே கட்டி வளர்ந்து வழியில் பாதிக்கு மேல் அடைத்த பிறகே சோறோ ரொட்டியோ சிக்குவது தெரியவரும். அதற்குள் நோய் குழாய்ச் சுவரைத் தாண்டியிருக்கும்; நிணநீர் முடிச்சுகளுக்கும் போயிருக்கும். ஆகவே, விழுங்கச் சிரமமாக இருந்தால் உடனே மருத்துவரிடம் போகவேண்டும் என்ற அறிவுரை சரியானதுதான் என்றாலும் போதுமானதல்ல. எந்தத் தொல்லையும் இல்லாமல் வயிறாரச் சாப்பிடுகிறவரைத்தான் சோதனைக்கு அழைத்துவர வேண்டும்.

சிகிச்சை அறவே இல்லாத காலமும் அல்ல அது. 1913இல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் உணவுக்குழாயை வெட்டியெடுத்து ஒரு நோயாளியைப் பிழைக்க வைத்திருந்தார். சீனத்தில் வூ யிங்காய் 1940இல் பெய்ஜிங்கில் அந்த அறுவையைச் செய்தார். ஆனால் மலையடிவாரத்து விவசாயிக்கும் அந்த அறுவைக்கூடத்துக்கும் நடுவே பாதைகூடக் கிடையாது.

தண்ணீர், பாதை, தொண்டை

1950களின் பிற்பகுதியில் லின்சியனின் கட்சிச் செயலாளராக இருந்த யாங் குய், தம் மாவட்டத்தின் நிலைமையைத் தலைநகரில் மூன்று அடைப்புகளாக எடுத்துரைத்தார்: தண்ணீர் வரவில்லை, பாதை போகவில்லை, உணவுக்குழாயில் உணவு இறங்கவில்லை. பிரதமர் சூ என்லாய் இதில் அக்கறை காட்டினார்; பெய்ஜிங்கிலிருந்தும் ஹெனானிலிருந்தும் மருத்துவர்கள் கிராமங்களுக்கு வந்தார்கள். 1959இல் இங்கே புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. தண்ணீர்க் குறைக்கு விடையாக, ஜாங் ஆற்று நீரை மலையைக் குடைந்து கொண்டுவரும் செங்கொடிக் கால்வாயை 1960 முதல் 1969 வரை மக்களே வெட்டினார்கள். கால்வாய் உலகப் புகழ் பெற்றது. அதே மக்கள் அதே ஆண்டுகளில் நோய்ப் பதிவேட்டுக்காக வீடு வீடாகச் சொல்லிய சாவுக் கணக்குக்கு அந்தப் புகழில் பங்கு கிடைக்கவில்லை. அந்தக் கணக்கு இல்லாமல் பின்னால் வந்த எந்த ஆய்வும் நடந்திருக்காது.

சூ என்லாயின் தூண்டுதலால் 1970களின் நடுவில் நாடு முழுவதும் புற்றுநோய் இறப்புகள் கணக்கெடுக்கப்பட்டு, 1973 முதல் 1975 வரையிலான நிலவரம் வரைபடத் தொகுப்பாக வெளியானது. ஹெனான், ஹெபெய், ஷான்சி மாநிலங்கள் சந்திக்கும் தைஹாங் மலைப்பகுதி அதில் அடர்ந்த நிறத்தில் தெரிந்தது. லின்சியனிலிருந்து விலக விலக இறப்பு விகிதம் குறைந்தது. அதே ஹெனானில் உள்ள ஃபான்சியனில் நோய் மிகக் குறைவு.

பலூன்

ஹெனான் மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் வல்லுநர் ஷென் சியோங் வகுத்த கருவி மிக எளியது. மெல்லிய ரப்பர்க் குழாயின் நுனியில் ஒரு சிறு பலூன், அதன்மேல் வலைத்துணி. சோதனைக்கு வந்தவர் அதை விழுங்குவார். பலூன் வயிற்றை எட்டியதும் காற்றடைத்து மெல்ல மேலே இழுப்பார்கள். வலை குழாயின் உட்புறத்தைத் தேய்த்துக்கொண்டு வரும். அதில் ஒட்டிய செல்களைக் கண்ணாடியில் தடவி நுண்நோக்கியில் பார்ப்பார்கள். மின்சாரமோ பெரிய மருத்துவமனையோ தேவையில்லை. ‘வெறுங்கால் மருத்துவர்கள்’ எனப்பட்ட, பயிற்சி பெற்ற கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் கிராமத்திலேயே செய்யலாம்.

குமட்டலும் கண்ணீருமாகப் பலூனை விழுங்கியவர்களில் சிலருக்கு, எந்த அறிகுறியும் இல்லாத தொடக்கநிலைப் புற்று தெரிந்தது. இதைவிடக் கடினமான உரையாடல் பொதுச் சுகாதாரத்தில் குறைவு என்றே சொல்ல வேண்டும்: நேற்று வரை மண் சுமந்தவரிடம், உங்கள் நெஞ்சைத் திறந்து உணவுக்குழாயை எடுக்கப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டவர்களில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஐந்தாண்டு தாண்டி வாழ்ந்தார்கள். முற்றிய நிலையில் வந்தவர்களில் பெரும்பாலோர் அவ்வளவு காலம் தங்கவில்லை. அறுவை முடிந்து வயலுக்குத் திரும்பிய அண்டை வீட்டுக்காரரைவிட நம்பத்தக்க சாட்சி கிராமத்தில் வேறு கிடையாது.

பலூனுக்குக் குறையும் இருந்தது. பின்னாளில் உள்நோக்கிச் (எண்டோஸ்கோப்) சோதனையோடு ஒப்பிட்டபோது அது கணிசமான பாதிப்புகளைத் தவறவிட்டது தெரியவந்தது. ஆனாலும் நலமாக இருக்கும்போதே சோதித்துக்கொள்ளும் வழக்கத்தைச் சீனக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தது அதுதான்.

காரணம் தேடியது

உலகின் பல பகுதிகளில் புகையிலையும் மதுவுமே இந்நோய்க்கு முதன்மைக் காரணங்கள். லின்சியன் பெண்கள் புகைப்பதும் குடிப்பதும் மிக அரிது. அப்படியிருந்தும் ஆண்களுக்கு ஏறக்குறைய இணையாக அவர்களுக்கும் நோய் வந்தது. ஆகவே பார்வை சமையலறைக்குத் திரும்பியது. கீரைத்தழைகளைச் சாடியில் நீரூற்றிப் புளிக்கவைத்து, மேலே பூஞ்சை படர்ந்தாலும் மாதக்கணக்கில் வைத்து உண்பது அங்கே வழக்கம். அந்த ஊறலிலும் குடிநீரிலும் நைட்ரேட், நைட்ரோசமைன் சேர்மங்கள் தென்பட்டன. வீட்டு எச்சில் சோற்றைத் தின்ற கோழிகளின் தொண்டையிலும் உணவுக்குழாயிலும்கூடப் புற்று இருந்தது. மண்ணில் மாலிப்டினம் குறைவு என்பதும் கவனத்துக்கு வந்தது.

இவற்றை வைத்துத்தான் மக்களுக்கான அறிவுரை உருவானது: புளித்த தழையை விடுங்கள், புதிய காய் உண்ணுங்கள், தானியத்தை உலர்த்திப் பூஞ்சை படாமல் சேமியுங்கள், தண்ணீரைத் தூய்மையாக்குங்கள், நிலத்துக்கு மாலிப்டினம் இடுங்கள். குளிர்காலத்தில் வேறு காய் இல்லாதவரிடம் ஊறலை விடச் சொல்வது எளிதல்ல. கால்வாய் நீரால் விளைச்சல் கூடி, வருமானமும் உயர்ந்தபோதுதான் உணவு உண்மையில் மாறியது. பின்னாளில் நடந்த நீண்ட தொடராய்வில் ஊறலின் குற்றம் எதிர்பார்த்த அளவுக்குத் தெளிவாக நிற்கவில்லை. பற்கள் விழுந்திருப்பதும், குடும்பத்தில் யாருக்கேனும் நோய் இருந்திருப்பதும் ஆபத்தைக் கூட்டும் என்று அது காட்டியது.

சத்துக்குறைவே அடிப்படையோ என்ற ஐயத்தில், சீனப் புற்றுநோய் நிறுவனமும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் சேர்ந்து 1980களின் நடுவில் ஒரு பெரும் சோதனையைத் தொடங்கின. 40 முதல் 69 வயது வரையிலான 29,584 பேர் ஐந்தாண்டுக்கு மேல் நாள்தோறும் மாத்திரை விழுங்கினார்கள். 1993இல் முடிவுகள் வந்தன: செலினியம், பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ மூன்றும் பெற்றவர்களிடையே மொத்த இறப்பு 9 சதவீதம் குறைந்தது; இரைப்பைப் புற்று இறப்பு 21 சதவீதம் குறைந்தது. உணவுக்குழாய்ப் புற்றில் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. மாத்திரை காப்பாற்றும் என்ற எளிய செய்திக்கு இடமில்லாமல் போயிற்று.

அயோடின்

அடுத்த பெரிய மாற்றம் உள்நோக்கியோடு வந்தது. லூகால் அயோடின் கரைசலைக் குழாய்க்குள் தெளித்தால் கிளைக்கோஜன் நிறைந்த நலமான செல்கள் பழுப்பாகும். கெடத் தொடங்கிய இடம் நிறம் ஏறாமல் வெளிறி நிற்கும். லின்சியனில் நடந்த ஆய்வில், முற்றிய முன்புற்று நிலையையோ புற்றையோ கண்டறியும் திறன் அயோடின் இல்லாதபோது 62 சதவீதமாகவும், தெளித்த பின் 96 சதவீதமாகவும் இருந்தது. திசு எடுத்துச் சோதிக்கப்பட்டவர்களைப் பதின்மூன்றரை ஆண்டு பின்தொடர்ந்தபோது, கடும் செல்மாற்றம் இருந்தவர்களில் 74 சதவீதத்தினருக்குப் புற்று வந்தது; இயல்பான திசு இருந்தவர்களில் 8 சதவீதத்தினருக்கே வந்தது. யாரை உடனே கவனிக்க வேண்டும், யாரை ஆறுதல் சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம் என்பதற்கு முதல்முறையாக எண்ணில் ஒரு விடை கிடைத்தது. உள்படலத்தை மட்டும் உள்நோக்கி வழியே அகற்றும் முறையும் வளர்ந்ததால், நெஞ்சைத் திறக்க வேண்டிய நிலை பலருக்கு நீங்கியது.

சோதனை உயிரைக் காக்கிறதா என்ற கேள்விக்குப் பக்கத்து மாநிலமான ஹெபெய்யின் சிசியன் மாவட்டம் பதில் சொன்னது. அங்கே ஒரே ஒருமுறை உள்நோக்கிச் சோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில் இந்நோயால் பத்தாண்டில் நேர்ந்த இறப்பு 3.35 சதவீதம், அழைக்கப்படாத கிராமங்களில் 5.05 சதவீதம். 2015இல் இம்முடிவு வெளியாகும் முன்பே, நோய் மிகுந்த பகுதிகளில் அரசு நிதியில் இச்சோதனை பரவத் தொடங்கியிருந்தது.

மேலை நாடுகளின் விழிப்புணர்வுச் செய்தி வேறு. அங்கே பெருகுவது அமில எதுக்களிப்போடு தொடர்புடைய சுரப்பிவகைப் புற்று. அதனால் 2015இல் இங்கிலாந்து அரசு நடத்திய பிரசாரம், மூன்று வாரமாக நெஞ்செரிச்சல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள் என்றது. லின்சியனில் வருவது தட்டைச்செல் வகை. அதற்கு நெஞ்செரிச்சல் முன்னறிவிப்பதில்லை. ஒரு நாட்டுச் சுவரொட்டியை இன்னொரு நாட்டு மொழியில் அச்சிட்டு ஒட்டினால் பயன் தராது.

லின்சியனில் நோயும் இறப்பும் முன்னைவிடக் குறைந்திருக்கின்றன. ஆயினும் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டில் உலகில் இந்நோய்க்கு ஆளான ஏறத்தாழ 6 லட்சம் பேரில் பாதிக்கு மேற்பட்டோர் சீனர்கள். சோதிக்க வேண்டிய அத்தனை பேருக்கும் உள்நோக்கி போதாது. உள்நோக்கிக்கு அஞ்சி அழைப்பை மறுப்பவர்களும் உண்டு. அவர்களுக்காக, நூலில் கட்டிய பஞ்சு மாத்திரையை விழுங்கவைத்து இழுத்து, ஒட்டிவரும் செல்களைக் கணினியின் துணையோடு படிக்கும் முறையைச் சீன மருத்துவர்கள் இப்போது சோதித்துவருகிறார்கள்.