தங்கவயல்: திரும்பிப் போக ஊர் இல்லாதவர்கள்



ஒரு சுரங்கம் மூடப்பட்டால் எத்தனை பேருக்கு வேலை போனது, எவ்வளவு இழப்பீடு என்று கணக்குச் சொல்கிறார்கள். வேலை போனவர் எங்கே திரும்பிப் போனார் என்று கேட்பதில்லை. கோலார் தங்கவயலில் இந்தக் கேள்விக்குச் சாதியை ஒதுக்கிவைத்துவிட்டுப் பதில் சொல்ல முடியாது.

1880இல் அங்கே கால்வைத்தது ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி. அது கூட்டிவந்த சுரங்க வல்லுநர்களில் பலர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்காரர்கள். அங்கே செம்பு, வெள்ளீயச் சுரங்கங்கள் சரிந்துகொண்டிருந்தன. சுரங்கம் மூடிய ஊர்க்காரர்கள் இங்கே வந்து சுரங்கம் திறந்தார்கள். பங்களாவும் கிளப்பும் அவர்களுக்குக் காத்திருந்தன.

பாறையைக் குடைய இறங்கியவர்கள் வடஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிச் சேரிகளிலிருந்து போனவர்கள். பெரும்பாலோர் ஆதிதிராவிடர். அவர்களுக்குத் தட்டி வீடு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே போனது. பாறை வெடிப்பில் செத்தவர்கள் போக, சிலிக்கா தூசியில் நுரையீரல் இறுகிச் செத்தவர்கள் ஏராளம்.

அந்த நரகத்துக்கு நான் வெள்ளையடிக்க வரவில்லை. ஆனால் அங்கே கூலி காசாகக் கைக்கு வந்தது, பண்ணையார் வாசலில் நிற்க வேண்டியதில்லை. இதன் பொருள் சேரியில் பிறந்தவருக்குத்தான் முழுதாகப் புரியும். அந்தக் காசைக் கொண்டு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்களை வளர்த்தார்கள். 1914இல் அயோத்திதாசப் பண்டிதர் மறைந்தார், 1926இல் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தார். பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டது. இன்று நாம் அயோத்திதாசரைப் படிக்கிறோம் என்றால் சுரங்கத் தொழிலாளியின் கூலிக்கும் அதில் பங்குண்டு. 1930இல், குற்றவாளிகளைப் போலக் கைரேகை எடுக்கிறார்களே என்று கொதித்து, தொழிற்சங்கமே இல்லாமல் 21 நாள் வேலைநிறுத்தம் செய்தவர்களும் இவர்கள்தான். (‘கேஜிஎஃப்’ சினிமாவில் இவர்களைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.)

1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன, பிறகு மத்திய அரசுக்குப் போயின. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் உருவானது. ஆழம் கூடக் கூடச் செலவு ஏறியது, பாறையில் தங்கம் குறைந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். தங்கம் தீர்ந்ததால் மூடினோம் என்பது பாதி உண்மைதான். நூறாண்டுக்கும் மேலாகத் தங்கத்தை எடுத்தவர்கள், அந்த ஊரில் வேறொரு தொழிலை வளர்க்க எடுத்த முயற்சி என்ன? 1964இல் வந்த பெமல் தொழிற்சாலை ஒன்றைத்தான் காட்ட முடியும்; அது எல்லோருக்கும் போதவில்லை.

ஒற்றைத் தொழில் ஊரில் கம்பெனிதான் வீட்டுக்காரர். தண்ணீர், விளக்கு, ஆஸ்பத்திரி எல்லாம் அதன் கையில். ஆகவே வேலையோடு அத்தனையும் ஆட்டம் கண்டன. நிலமும் கடையும் உள்ள சாதிக்காரருக்கு விழுந்தாலும் தாங்க ஒரு தரை இருந்தது. தாத்தா காலத்தில் சேரியை விட்டு வந்தவருக்கு வடஆற்காட்டில் என்ன இருக்கிறது? காணி நிலம் இல்லை. குடிசை போட்ட இடத்திலும் வேறு யாரோ இருக்கிறார்கள். கர்நாடகத்தில் தமிழர், தமிழ்நாட்டில் கர்நாடகக்காரர். சொந்த ஊர் என்றால் இவர்களுக்குத் தங்கவயல்தான். அதனால் ஊரை விடாமல் ரயில் ஏறினார்கள். இன்றும் விடியுமுன் மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயிலில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருவுக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்புகிறார்கள். பிள்ளைகள் அப்பாவை விழித்த கண்ணோடு பார்ப்பது ஞாயிற்றுக்கிழமையில்தான்.

ஊரைச் சுற்றிச் சயனைடு மேடுகள் அப்படியே நிற்கின்றன. காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வருகிறது. அந்த மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்க இப்போது திட்டம் பேசுகிறார்கள். அதில் ஊர்க்காரருக்கு என்ன பங்கு என்பதை ஏலம் முடிவதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த லைன் வீடுகளின் பரணில் பழைய சங்க நோட்டீசுகளும் சித்தார்த்தா புத்தகசாலை வெளியீடுகளும் இன்னும் இருக்கக்கூடும். பழைய பேப்பர்க்காரருக்குப் போவதற்குள் ஒரு நாள் அந்த ரயிலில் போய்ப் பாருங்கள். பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஒலிப்பதிவுக் கருவியை மறக்க வேண்டாம். அவர்களில் பலருக்கு மூச்சு இழுக்கிறது, மெதுவாகத்தான் பேசுவார்கள்.