கணிதக் கற்றல் குறைபாடும் கணினிவழிக் கற்பித்தலும்: பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

பிற பாடங்களில் வயதுக்கேற்ற தேர்ச்சி இருந்தும், எண்ணையும் அளவையும் பற்றிய அடிப்படை உணர்வில் மட்டும் ஒரு குழந்தை பின்தங்கி நிற்கும் நிலையை டிஸ்கால்குலியா, அதாவது கணிதக் கற்றல் குறைபாடு என்பர். 1974இல் இதற்குத் தெளிவான வரையறை தந்த செக்கோஸ்லோவாக்கிய உளவியலாளர் லடிஸ்லாவ் கோஸ்க், பிராட்டிஸ்லாவா நகரப் பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ 6 சதவீதத்தினரிடம் இதனைக் கண்டார். பினாங்கின் கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் முப்பது பேர் பயிலும் ஒரு வகுப்புக்கு அவ்விகிதத்தைப் பொருத்தினால், ஒருவரோ இருவரோ இந்நிலையில் இருக்கக்கூடும். அவர்களுக்கு மந்தம், கவனக்குறைவு என்ற பழியே பெரும்பாலும் கிட்டுகிறது.

மலேசியப் பள்ளிகளில் கணினியை வகுப்பறைக்குள் கொணரும் முயற்சி 1997இன் விவேகப் பள்ளித் திட்ட வரைவோடு வலுப்பெற்றது. ஒவ்வொரு மாணவரும் தத்தம் வேகத்தில் கற்கலாம் என்ற கருத்து அவ்வரைவிலேயே இடம்பெற்றிருந்தது. கணிதத்தில் தடுமாறும் பிள்ளைக்கு வேண்டியதும் அதுவே. ஆயினும் 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் போதிக்கப்படத் தொடங்கியபோது, மடிக்கணினியும் ஒளிவீழ்த்தியும் பாடக் குறுந்தட்டும் ஆசிரியர் கைக்கே வந்தமையால், முழு வகுப்பும் ஒரே திரையை ஒரே வேகத்தில் பின்தொடர வேண்டியதாயிற்று. எண்ணையே உணர முடியாத தமிழ்க் குழந்தைக்கு அந்நியமொழிச் சுமையும் சேர்ந்தது. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009 ஜூலையில் அறிவிக்கப்பட்டது.

2010இல் முதலாம் ஆண்டு மாணவர்களிடமிருந்து தொடங்கிய லினுஸ் திட்டம், எழுத்தறிவையும் எண்ணறிவையும் குழந்தைக்குக் குழந்தை தனித்துச் சோதித்தது. பார்வை வகுப்பிலிருந்து தனிக்குழந்தைக்குத் திரும்பியது இங்கேதான். ஆனால், அதன் இலக்கு கற்றல் குறைபாடற்ற பிள்ளைகளை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. குறைபாடு கண்டறியப்பட்டோருக்குச் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பு வகுப்பு உண்டு. கண்டறியப்படாதவரோ குறைநீக்கல் வகுப்பில் அதே வாய்பாட்டை மீண்டும் மீண்டும் ஒப்பிக்கிறார்.

இக்குறைபாட்டுக்கென்றே கருவி செய்யும் முயற்சிகளில் முன்னோடியாக நிற்பது, ஆனா வில்சன், ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் முதலானோர் 2006இல் வெளியிட்ட ‘எண் ஓட்டம்’ என்னும் கணினி விளையாட்டாகும். திரையில் இரு குவியல்கள் தோன்ற, எதிராளி முந்துவதற்குள் குழந்தை பெரிய குவியலைத் தெரிந்தெடுத்து, வென்ற எண்ணிக்கைக்கேற்பக் கட்டங்களில் காயை நகர்த்துகிறது. நான்கில் மூன்று முறையாவது வெல்லும் அளவுக்கு, குவியல்களின் வேறுபாட்டையும் தரப்படும் நேரத்தையும் நிரல் தானே கூட்டிக் குறைக்கிறது. தோல்வியே பழகிப்போன பிள்ளைக்கு இந்த ஏற்பாட்டைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை. 7 முதல் 9 வயது வரையிலான 9 பிள்ளைகள் ஐந்து வாரம் நாளுக்கு அரைமணி விளையாடிய பின், கழித்தலில் பிழை குறைந்தது. சிறு தொகைகளை எண்ணாமல் பார்த்தவுடனே அறியும் திறனும் விரைவுபெற்றது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வாதலால், இதை இறுதிச் சான்றாகக் கொள்ளலாகாது.

இத்தகைய கருவியைத் தமிழுக்குக் கொணர்வதில் ஒரு நுட்பம் கருதத்தக்கது. மலாயில் தொண்ணூறு ‘செம்பிலான் பூலோ’, அதாவது ஒன்பது பத்து. இடமதிப்பு பெயரிலேயே வெளிப்படுகிறது. தமிழிலோ தொண்ணூறு என்பதற்குள் நூறு ஒலிக்க, அதன் மதிப்பு நூற்றுக்கும் குறைவு; தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒலிக்கிறது. ஆகவே, பத்துப்பத்தான கட்டுகளைத் திரையில் காட்டி, அவற்றோடு எண்ணுப்பெயரைத் தமிழ்க் குரலில் இணைத்துப் பழக்குவது இன்றியமையாததாகிறது. மலாய் அல்லது ஆங்கிலச் செயலி இதைச் செய்யாது.

2020இல் டெலிமா கற்றல் தளம் வந்தபின் இணையவழி உள்ளடக்கம் பெருகியுள்ளது. 1967 முதல் அறிவியல், கணிதக் கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கும் ரெக்சாம் நடுவம் இதே பினாங்கில், குளுகோரில் இருக்கிறது. ‘எண் ஓட்டம்’ திறமூல மென்பொருள். அதன் காய்நகர்த்தும் பலகையில் இருப்பது 40 கட்டங்களே. அந்த நாற்பது எண்ணுப்பெயர்களைத் தமிழ்க் குரலில் பதிந்து, குறைநீக்கல் வகுப்புகளில் முறையாகச் சோதித்துப் பார்க்கும் பணியைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் இந்நடுவமும் இணைந்து மேற்கொள்ள வேண்டும்.